பேசக் கூடாத நாற்காலி

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அது சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி வீட்டுக்கும் தெருவுக்கும் கல்லூரிக்கும் அவள் ரேடியோதான். பல் தேய்க்கும்போதுகூட வாயில் நுரையோடு ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். யாருக்கும் ஒரு எழுத்தும் புரியாது. அதற்காக அவள் நிறுத்தியதும் கிடையாது. தேர்வு அறையில் வேறு வழியில்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வெளியே வந்தால், உள்ளே விட்டதையெல்லாம் வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். அப்படிப்பட்டவளுக்குப் போய், வாய் திறந்தால் வேலையே போய்விடும் என்கிற மாதிரி ஒரு வேலை வாய்த்தது.

இயந்திரப் பொறியியல் முடித்த கையோடு, மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு வடிவமைப்பு வேலை கேட்டுப் போனாள். இருந்த ஒரே இடத்தை அவளுடைய வகுப்புத் தோழன் ஸ்க்ரூ தட்டிக்கொண்டு போய்விட்டான். கண்ணில் பட்ட எதையும் கழற்றிப் பார்க்கிறவன் அவன். திரும்ப மாட்டி முடித்ததும் ஒரு ஸ்க்ரூ கட்டாயம் மிச்சம் இருக்கும், அது அவன் சட்டைப் பையில் கிடக்கும், அதனால் அந்தப் பெயர். நேர்காணல் செய்தவர்கள் ரேடியோவிடம், "டெக்னிகல் ரைட்டர் வேலை ஒண்ணு காலியா இருக்கு. விஷயத்தை நல்லா விளக்கிச் சொல்றீங்க. சேர்றீங்களா?" என்று கேட்டார்கள். அது என்ன வேலை என்று கேட்பதற்கு முன்பே அவள் வாய் "சேர்றேன் சார்" என்று சொல்லிவிட்டது.

அம்மா அதற்குள் தெரு முழுக்க 'என் பொண்ணு டிசைன் இன்ஜினியர்' என்று சொல்லி வைத்திருந்தாள்.

"ரைட்டர்னா? கதை எழுதணுமா?"

"கதை இல்லம்மா. மெஷின் வாங்கினா கூடவே ஒரு புத்தகம் வருமில்ல, எப்படிப் போடணும், எப்படி நிறுத்தணும்னு. அதை எழுதணும்."

அம்மா சமையலறை இழுப்பறையை இழுத்துக் காட்டினாள். கரண்டிகளுக்கு அடியில் மிக்ஸி, வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் கையேடுகள் விரிப்பாகக் கிடந்தன. ஒன்றுக்கும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"இதையா? இதை எழுதறதுக்கா உன்னை இன்ஜினியரிங் படிக்க வச்சேன்?"

அப்பா இல்லாத வீடு அது. பெரிய முடிவு எதுவானாலும் அம்மாவும் அம்மாவின் தம்பியும் போனில் பேசித்தான் எடுப்பார்கள். மாமா வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அவளுக்காக ஓர் இடம் பேசி வைத்திருந்தார். அங்கே போனால் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'இன்ஜினியர்' என்றே போட்டுத் தருவார்களாம். கடைசியில் ஒரு பேரம் படிந்தது. கம்பெனியில் புதிதாகச் சேரும் எழுத்தாளர் தன் முதல் கையேட்டை எழுதி முடித்ததும் அதற்கு ஒரு ட்ரையல் வைப்பார்கள். தேறாவிட்டால் திருத்தி எழுதி இன்னொரு ட்ரையல். அதிலும் தேறாவிட்டால் கைகுலுக்கி வழியனுப்பிவிடுவார்கள். தேறினால் அவள் இங்கேயே இருக்கலாம், தேறாவிட்டால் மூச்சுக் காட்டாமல் மாமாவோடு போக வேண்டும் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு ரேடியோவுக்கும் இதில் பெரிய வருத்தமில்லை. இரண்டு ட்ரையலிலும் கவிழ்ந்துவிட்டு அட்டை மாட்டிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு ஓரத்தில் நினைத்தாள்.

அந்த நினைப்பில் முதல் ஓட்டையைப் போட்டது அவளிடம் கொடுக்கப்பட்ட கருவி. நுரையீரல் பழுதானவர்களுக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கருவி அது. பெரிய பயணப் பெட்டி அளவுதான் இருக்கும். சிலிண்டர் கிடையாது, வெளியிலிருந்து எதுவும் நிரப்ப வேண்டியதும் இல்லை. அறையில் இருக்கிற காற்றையே உள்ளே இழுத்து, அதிலிருக்கும் நைட்ரஜனைச் சின்னச் சின்ன வெள்ளை மணிகளிடம் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு, ஆக்சிஜனை மட்டும், மூக்கு வறண்டு போகாதபடி ஒரு தண்ணீர்க் குப்பியில் ஈரமாக்கி, குழாய் வழியாக அனுப்பும். ஸ்க்ரூ மூடியைக் கழற்றி அந்த மணிகளைக் கொஞ்சம் அவள் உள்ளங்கையில் கொட்டினான். கல்லூரியில் இதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவள்தான் அவள். ஆனால் தான் பேசிப் பேசி வெளியே விட்ட அதே காற்றைப் பிரித்தெடுத்து யாரையோ உயிரோடு வைத்திருக்கும் பொருள் கையில் மணல் மாதிரி கிடந்தபோது அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"என்னடி, ரேடியோ ஸ்டேஷன் கிடைக்கலையா?" என்றான் ஸ்க்ரூ.

"டேய், இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?"

"செஞ்சதே நாங்கதான். எங்கிட்டயே கேக்குற."

கையேடு எழுதும் பிரிவின் தலைவியைக் கத்தரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், முகத்துக்கு நேராக 'மேடம்'. சிவப்புப் பென்சிலோடு அவர் ஒரு பக்கத்தில் நுழைந்தால் அந்தப் பக்கம் பாதியாகத்தான் வெளியே வரும். அதிகம் பேச மாட்டார். ட்ரையலுக்கு முந்தைய நாள் அவளை அழைத்துப் போய், ட்ரையல் நடக்கும் அறையின் மூலையில் கிடந்த மரநாற்காலியைக் காட்டினார்.

"எழுதினவங்க இடம் இது. வர்றவர் நம்ம மெஷினை இதுக்கு முன்னாடி பாத்திருக்க மாட்டார். உங்க மேனுவலை மட்டும் வச்சு அவரே எல்லாம் செய்யணும். நீங்க பேசக் கூடாது, இருமக் கூடாது, தலையாட்டக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் ட்ரையல் ஃபெயில்."

"அவர் ஏதாவது சந்தேகம் கேட்டா மேடம்?"

"மெஷின் வீட்டுக்குப் போகும்போது நீங்களும் கூடப் போவீங்களா?"

முதல் ட்ரையலுக்கு வந்தவர் பக்கத்துத் தெருவில் முடி வெட்டுகிறவர். நடுமேசையில் கருவி, அதன் அருகில் நோயாளிக்குப் பதிலாக ரப்பரில் செய்த மொட்டைத் தலை ஒன்று. அவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவருக்கு எங்கிட்ட வேலை இல்லை" என்றார். வேடிக்கை பார்க்க நின்ற இன்ஜினியர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோவின் நுனிநாக்கில் பதில் ஒன்று இருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து அதை விழுங்கினாள்.

அவர் கையேட்டைத் திறந்தார். 'கருவியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கவும்' என்று அவள் எழுதியிருந்தாள். தள்ளி வைத்தார். 'குப்பியின் மூடியைத் திறக்கவும்' என்று எழுதியிருந்தாள். திறந்தார். பிறந்ததிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறவள் அவள், அவள் பேச்சைக் கேட்டு இதுவரை ஒருவர்கூட ஒரு டம்ளரை நகர்த்தி வைத்ததில்லை. இங்கே யாரென்றே தெரியாத ஒருவர், அவள் ஒரு வார்த்தையும் பேசாதபோது, அவள் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டிருக்கிறார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அச்சில் இருந்தது, அதனால் நம்பினார்.

'குப்பியில் நீர் நிரப்பவும்.' கழுத்து வரைக்கும் நிரப்பினார். ரேடியோ நாற்காலியில் நெளிந்தாள். குப்பியில் ஒரு கோடு உண்டு, தண்ணீர் அதைத் தாண்டக் கூடாது. அதை அவள் எழுதாமல் இல்லை. அடுத்த பக்கத்தில், 'குறிப்பு' என்று தலைப்பெல்லாம் போட்டு, அழகாகக் கட்டம் கட்டி எழுதியிருந்தாள். ஆனால் அவர் கை இந்தப் பக்கத்தில் இருந்தது. குப்பியை மாட்டினார், குழாயைப் பொம்மையின் மூக்கில் வைத்தார், கருவியை ஓடவிட்டார். குப்பி கொதிப்பது போலக் குமிழியிட்டது. தண்ணீர் குழாய்க்குள் ஏறி ஓடிவந்து, ரப்பர் மூக்கு வழியாகச் சொட்டத் தொடங்கியது.

"இவருக்கு ஜலதோஷம் பிடிச்சிருச்சு" என்றார் ஸ்க்ரூவின் பக்கத்தில் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். முடி வெட்டுகிறவர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பி, கட்டத்துக்குள் இருந்த குறிப்பை வாசித்துவிட்டு, தன் ஈரக் கையைப் பார்த்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஊத்தியிருக்க மாட்டேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தப்பு தன்னுடையதோ என்று பயந்தவர் மாதிரி சொன்னார்.

அந்த மூக்கு ரப்பர் மூக்காக இருந்தது என்பதைத் தவிர, நடந்தது அத்தனையும் நிஜம். தண்ணீர் ஊற்றியது அவர் கைதான், ஆனால் ஊற்ற வைத்தது அவள். தான் எழுதுவதற்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். மாமாவின் தொழிற்சாலை, கழுத்தில் தொங்கப்போகும் அட்டை எல்லாம் அந்த நாற்காலியிலேயே கழன்று விழுந்துவிட்டன. அந்த மனிதரின் கை இனிமேல் தவறக் கூடாது என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கு அவள் இங்கேயே இருந்தாக வேண்டும். இன்னும் ஒரு ட்ரையல்தான் பாக்கி.

அடிமுதல் திருத்தி எழுதினாள். எச்சரிக்கைகளையெல்லாம் கட்டங்களிலிருந்து பிடுங்கி, வேலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். முதலில் கோட்டைக் காட்டினாள், அப்புறம்தான் தண்ணீரைத் தொட விட்டாள். எழுதியதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடவே ஒரு புதுக் குழாயையும் வாங்கி வந்து, அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான்தான் நோயாளி. இதுல இருக்கிறபடி எனக்கு மாட்டி விடு. நான் பேச மாட்டேன்."

"நீ? பேச மாட்டே?" அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "இதுக்காகவே மாட்டலாம்."

அம்மா வாசித்தாள். குழாயின் வளைவு கீழ்ப்பக்கம் பார்க்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் அதைக் கொண்டுவந்து மகளின் மூக்கில் சொருகினாள். ரேடியோ துள்ளி எழுந்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சொல்லிட்டு வைக்கக் கூடாதாம்மா?"

"சொல்லுன்னு இதுல எழுதலையே."

அம்மா எரிச்சலில்தான் அப்படிச் சொன்னாள். ரேடியோ மூக்கைத் தேய்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுத்திருக்கிற ஒருவரின் முகத்துக்கு நேராக, என்னவென்றே சொல்லாமல் ஒரு குழாய் வந்தால் எப்படி இருக்கும் என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை. கருவியைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். குழாயின் மறுமுனையில் ஓர் ஆள் இருப்பதை மறந்துவிட்டாள். உடனே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தாள். 'குழாயை வைக்கும் முன், வைக்கப் போவதை அவரிடம் சொல்லவும்.'

கத்தரியின் சிவப்புப் பென்சில் நேராக அந்த வரியில்தான் போய் நின்றது.

"இது எதுக்கு? மெஷினுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே."

"வேணும் மேடம்."

"ஏன்?"

ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிறவளுக்கு அன்று ஒன்றுகூட வரவில்லை. "வேணும் மேடம்" என்று மறுபடியும் சொன்னாள், அவ்வளவுதான்.

கத்தரி பென்சிலை அந்த வரியிலிருந்து எடுத்தார். "இருக்கட்டும். ஆனா ட்ரையலுக்கு வர்றவர் இதைக் கண்டுக்காம தாண்டிப் போனா, செய்ய முடியாத வரின்னு அர்த்தம். ஒரு வரியை விட்டாலும் ஃபெயில்தான். தெரியுமில்ல?"

தெரியும். கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிட்டிருந்தால் ட்ரையல் இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். அவள் நீக்கவில்லை.

இரண்டாவது ட்ரையலுக்கு வந்தவர் ஒரு பஸ் டிரைவர். அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சீருடையோடு வந்திருந்தார். மருத்துவமனையிலிருந்து அனுப்பி வைத்திருந்தார்கள். அவருடைய மனைவியை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், கூடவே இந்தக் கருவியும் போகப் போகிறது. அவர் மேசைக்கு முன்னால் நின்று கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அத்தனை பெரிய வண்டியைச் சந்து பொந்தெல்லாம் ஓட்டுகிற கை, மெல்லிசான அந்தக் குழாயைத் தொடப் பயந்தது.

"நான் ஏதாவது உடைச்சிட்டா?" என்றார்.

"உடையாது. இதுல உள்ளபடி செய்ங்க" என்றார் கத்தரி.

ரேடியோ மூலை நாற்காலியில் பென்சிலைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டாள். வாய்க்குப் பூட்டு வேண்டுமே.

அவர் வரியின் அடியில் விரலை வைத்து, உதடு அசைய வாசித்தார். சுவரிலிருந்து தள்ளி வைத்தார். கோட்டைப் பற்றி வாசித்ததும் குப்பியைக் கையில் எடுத்து, அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று வெளிச்சத்தில் தேடிக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் தண்ணீரை எடுத்தார். குனிந்து, கண்ணைக் குப்பிக்கு நேராகக் கொண்டுவந்து, கோட்டில் வந்ததும் நிறுத்தினார். ஸ்க்ரூ சத்தமில்லாமல் ரேடியோவைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். அவள் தலையாட்டவில்லை. கருவி ஓடத் தொடங்கியது. டாக்டர் சொன்ன அளவுக்குத் திருகைத் திருப்பினார், அளவுக் குழாய்க்குள் சின்ன உருண்டை எழும்பிக் கோட்டில் வந்து நின்றது. குப்பியில் மெதுவாகக் குமிழிகள் வந்தன. குமிழி வருகிறதா என்று பார்க்கவும் என்று எழுதியிருந்தது. பார்த்தார், அவர் முகத்தில் சின்னப் பிள்ளையின் ஆச்சரியம் தெரிந்தது.

குழாயைக் கையில் எடுத்தார். அப்புறம் நின்றுவிட்டார்.

விரல் ஒரு வரியிலேயே நின்றது. வாசித்தார். மறுபடியும் அதையே வாசித்தார். நிமிர்ந்து கத்தரியைப் பார்த்தார், சுற்றி நின்ற இன்ஜினியர்களைப் பார்த்தார். ரேடியோவுக்கு உயிரே போய்விட்டது. வரி புரியவில்லையா? இத்தனை பேர் முன்னால் ஒரு ரப்பர் பொம்மையிடம் எப்படிப் பேசுவது என்று கூச்சமா? தாண்டிவிடப் போகிறார். தாண்டினால் வரியும் போச்சு, வேலையும் போச்சு, மாமா அட்டையோடு காத்திருக்கிறார். பென்சிலில் பல் பதிந்தது. ஒரே ஒரு வார்த்தை, 'சொல்லுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்து முட்டியது. அவள் பேசவில்லை.

அவர் தன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த மொட்டைத் தலைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா" என்றார். குரல் தணிந்திருந்தது. "மூக்குல இதை வைக்கப் போறேன். கொஞ்சம் காத்து வரும், அவ்வளவுதான். வலிக்காது. பயப்படாத. நான் இங்கேயேதான் இருக்கேன்."

பதிலுக்குக் காத்திருப்பது போலக் கொஞ்சம் பொறுத்தார். பிறகு குழாயை மெதுவாக வைத்து, காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய், தாடைக்குக் கீழே சரி செய்தார். ரப்பர் கன்னத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கருவியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் எழுதியது 'சொல்லவும்' என்று மட்டும்தான். மீதி அத்தனையும் அவருடையது. தான் எழுதிய ஒரு வரிக்குள் இவ்வளவு பெரிய வீடு ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு அவள் போகப் போவதில்லை, அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கப் போவதும் இல்லை. ஆனாலும் அங்கே இது நடக்கும். அவளுக்குக் கைகூப்ப வேண்டும் போல இருந்தது, யாரை நோக்கி என்றுதான் தெரியவில்லை. கத்தரி சிவப்புப் பென்சிலை மேசைமேல் வைத்தார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது டிரைவர் கையேட்டைக் கீழே வைக்கவில்லை. "இதை இன்னைக்கே கொண்டுபோகலாங்களா? இன்னொரு தடவை படிச்சு வச்சுக்கிறேன்." கத்தரி தலையசைத்தார். அவர் வாசல்வரை போனவர், மூலையில் கண்ணெல்லாம் கலங்கி, பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"நீங்க இங்க என்ன வேலைம்மா?"

ட்ரையல் முடிந்துவிட்டது, இனிப் பேசலாம். ரேடியோ வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

"ஐயோ பாவம்" என்றார் அவர், பக்கத்தில் நின்ற ஸ்க்ரூவிடம் மெதுவாக. "பேச வராதோ?"

ஸ்க்ரூ வெடித்துச் சிரித்ததில் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா போனும் கையுமாக நின்றிருந்தாள். மறுமுனையில் மாமா. ரேடியோ செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை இல்லை. அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"என்னடி? ஊத்திக்கிச்சா? போகட்டும் விடு, மாமா பாத்துக்குவான். அழாத."

"பாஸும்மா."

"அப்புறம் ஏன் இப்படி உக்காந்திருக்கே?"

"அன்னைக்கு நீ சொல்லாம கொள்ளாம குழாயை வச்சியே..." என்று தொடங்கினாள். வழக்கம்போல ஊரைச் சுற்றவில்லை. நடந்ததை நடந்தபடி, முன்னால் வர வேண்டியதை முன்னால் வைத்துச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றியதைச் சொன்னாள். நாற்காலியை இழுத்துப் போட்டதைச் சொன்னாள். அவர் பேசியதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது.

அம்மா போனைக் காதில் வைத்தாள். "அவ வரலைடா" என்றாள். "இல்லடா, கோவமெல்லாம் இல்ல. அப்புறம் பேசறேன்."

பிறகு இழுப்பறையை இழுத்து, கரண்டிகளை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த வாஷிங் மெஷின் கையேட்டை உருவி எடுத்தாள். அதன்மேல் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தாள்.

"இதையும் யாரோ ஒருத்தி மூலையில வாயை மூடிக்கிட்டு உக்காந்துதான் எழுதியிருப்பா, இல்ல?"

பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரிக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசைய வாசிக்கத் தொடங்கினாள். ரேடியோ எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை.